கெட்டிமேளத்தில் மூழ்கிய முதல் பாட்டு

நான் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அங்கே இப்போது இசைக்குறிப்புகளைக் கணினியில் எழுதும் இளைஞர் எனக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"மேடம், சொனாட்டா வடிவத்துல கடைசில முதல் பகுதியேதானே திரும்பி வருது? அதை எதுக்கு மறுபடியும் வாசிக்கணும்? முதல்ல பதிவு பண்ணதை எடுத்து அங்க ஒட்டிட்டா, ஆர்க்கெஸ்ட்ரா சீக்கிரம் சாப்பிடப் போகலாமே?"

ஆர்க்கெஸ்ட்ராவின் சாப்பாட்டை நினைத்துக் கேட்கப்பட்ட கேள்வி என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பதில் நீளமானது, தேநீர் சிறியது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் தொழில் பிரதி எடுப்பது. இசையமைப்பவர் எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்து ஒரே தாளில் அடுக்கடுக்காக எழுதுவார். அதிலிருந்து வயலினுக்கு உரியதை வயலினுக்கும், கிளாரினெட்டுக்கு உரியதைக் கிளாரினெட்டுக்கும் தனித்தனியாகப் பிரித்து, மங்கிய வெளிச்சத்திலும் படிக்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத்து அழகாக இருந்தால் மட்டும் போதாது. வாசிப்பவருக்கு ஓய்வு வருகிற இடத்தில் பக்கம் முடிய வேண்டும். இரண்டு கைகளும் வேலையாக இருக்கும் இடத்தில் பக்கம் முடிந்தால், அங்கே எழும் மௌனத்துக்கு இசையமைப்பாளர் பொறுப்பல்லர். பிரதி எடுத்தவரே பொறுப்பு.

இத்தொழிலுக்கு நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் ஒரு கன்னியாஸ்திரி ஐந்து கோட்டு இசைக்குறிப்பு சொல்லிக்கொடுத்தார். பிறகு மதுரையில் இலக்கியம் படித்தேன். அதிகம் பேசமாட்டேன், ஓர் ஒற்றுப் பிழை கண்ணில் பட்டால் அன்று தூக்கம் வராது. இந்த இரண்டு குறைகளையும் தகுதிகளாகக் கருதி, கோடை விடுமுறையில் இராமநாதபுரம் வந்திருந்த என்னை அதே கன்னியாஸ்திரி அருளப்பன் மாஸ்டரிடம் அனுப்பிவைத்தார். ஐம்பதுகளின் பிற்பகுதி அது.

மாஸ்டர் காரங்காட்டுப் பக்கத்துக் கடற்கரைக்காரர். பட்டாளத்து பேண்டில் பல ஊர் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று, இராமநாதபுரத்தில் வயலின்களும் சேர்ந்த ஒரு பேண்டு குழு வைத்திருந்தார். குழுவை நடத்துவதற்கு அவர் கையில் பிடிப்பது வலை பின்னும் மூங்கில் ஊசி. கோபம் ஏற ஏற அவருடைய குரல் தாழும். உச்சகட்டக் கோபத்தில் அவர் உதடு மட்டும் அசையும். அப்போது இருபது பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்பார்கள். யாராவது தாளத்தை முந்திவிட்டால், "நீங்க மட்டும் கரையேறிட்டீக. நாங்க இன்னும் கடல்லதான் கெடக்கோம். திரும்பி வந்து ஏத்திக்கிட்டுப் போங்க" என்பார்.

அவர் ஓர் ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு எழுதியிருந்தார். சொனாட்டா வடிவத்தில் அமைந்தது. 'முதல் அசைவு' என்பதே அதன் பெயர். இரண்டாம், மூன்றாம் அசைவுகள், அதாவது மீதிப் பகுதிகள், பிற்பாடு வரும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் என் முன்னால் அந்தத் தாள்கட்டை வைத்துவிட்டு, வடிவத்தை இப்படி விளக்கினார்:

"ஒரு பாட்டு நம்ம வீட்ல இருக்கு. இன்னொரு பாட்டு வேற ஊர்ல, வேற சுதியில இருக்கு. மொதல்ல ரெண்டையும் காட்டிருவோம். அப்புறம் ரெண்டும் நடுக்கடலுக்குப் போயி அடிபட்டு, அலைக்கழிஞ்சு, சட்டையெல்லாம் கிழிஞ்சு, கடைசியில ஒரே வீட்டுக்கு வந்து சேருது. அசலூர்ப் பாட்டும் நம்ம சுதிக்கு வந்துரும். அம்புட்டுத்தான் தாயி."

பாடநூல்கள் இந்த மூன்று பகுதிகளை அறிமுகம், விரிவு, மீள்வரவு என்கின்றன. மாஸ்டர் தம்முடைய தாளில் 'காட்டுதல்', 'அலைச்சல்', 'வீடு' என்று எழுதியிருந்தார். பிற்காலத்தில் நான் பார்த்த எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாக இல்லை.

ஆனால் அந்த 'வீட்டை' அவர் மேடையில் ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. ஒத்திகையில் கேட்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுதான் அவருடைய துயரம். குழுவினருக்கு அதுவே வேடிக்கை. ஒரு மாதா கோயில் திருவிழாவில் அலைச்சல் முடியும் தறுவாயில் வாணவேடிக்கையைப் பற்ற வைத்துவிட்டார்கள். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் அதே இடத்தில் பிரமுகர் வந்து இறங்க, எல்லாவற்றையும் நிறுத்தி வரவேற்பு இசை வாசிக்க வேண்டியதாயிற்று. ஒரு பொருட்காட்சியில் அதே இடத்தில் விளக்கு அணைந்தது. கிளாரினெட் வாசிக்கும் கீழக்கரை காதர் பாய், "மாஸ்டர், நீங்க அந்த வீட்டைப் பூட்டிட்டு சாவியத் தொலைச்சிட்டீக" என்று கேலி செய்வார். மாஸ்டர் சிரிக்க மாட்டார். ஊசியால் அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டு, "ஒரே ஒரு தடவை கேட்டுட்டாப் போதும் பாய்" என்பார்.

அந்தக் கோடையில் ஒரு வாய்ப்பு வந்தது. கொழும்பில் வியாபாரம் செய்து, கிராமபோனுடனும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளுடனும் ஊர் திரும்பிய ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். எல்லாரும் அவரைக் கொழும்பார் என்றே அழைத்தனர். அவருடைய மகளுக்குக் கல்யாணம். நாகசுரம் வைத்துக் கல்யாணம் நடத்துவது எவராலும் முடியும் என்பது அவர் எண்ணம். தம் மகளின் தாலிகட்டு ஆர்க்கெஸ்ட்ராவுடன் நடக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மாப்பிள்ளையின் அப்பா கடலாடிப் பக்கத்து மிளகாய் வியாபாரி, அவர் கடலாடியார். "நாகசுரமில்லாம தாலி கட்டுனா அது கல்யாணமா, கூட்டமா?" என்று அவர் கேட்டார். கடைசியில் இரண்டும் இருக்கும் என்று முடிவாயிற்று. நாகசுரத்துக்கு சோமு அண்ணனும் அவருடைய இரண்டு தவில்காரர்களும் அமர்த்தப்பட்டனர்.

மாஸ்டர் இங்கேதான் தம் திட்டத்தை வகுத்தார். தாலி ஏறும் கணத்தில் யாரும் எதையும் நிறுத்த மாட்டார்கள். பிரமுகர் வந்தாலும் சரி, விளக்கு அணைந்தாலும் சரி. ஆகவே 'வீடு' அந்தக் கணத்தில் தொடங்க வேண்டும். அய்யர் விரலை உயர்த்தும்போது கெட்டிமேளத்துக்குப் பதிலாக ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் முதல் பாட்டை ஓங்கி எடுக்கும். சோமு அண்ணனிடம் போய் இதைச் சொன்னபோது அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"கெட்டிமேளம் எதுக்கு வச்சிருக்காக தெரியுமா மாஸ்டர்? தாலி ஏறுறப்ப ஒரு அச்சானியமான பேச்சு, ஒரு தும்மல், யார் காதுலயும் விழுந்துறக் கூடாது. அமுக்குறதுக்குத்தான்."

"எங்க ட்ரம்பெட்டு அமுக்காதா?"

"அமுக்கும். சரி, உங்களுக்காக நாங்க சும்மா இருக்கோம். ஆனா ஒண்ணு, தும்மல் விழுந்தா எனக்குத் தெரியாது. கெட்டிமேளம் நான் அடிக்கிறதில்ல. தானா வந்துரும்."

"கல்யாணத்துல யாரு சோமு தும்மப் போறா?" என்றார் மாஸ்டர்.

ஒத்திகைக்கு இடம் கொடுத்தவர் கடலாடியார். அவருடைய மிளகாய்க் கிட்டங்கி ஊரிலேயே பெரிய கூடம். மூட்டைகளை ஓரமாக அடுக்கி, நடுவில் எங்களை உட்காரவைத்தார். வயலின்காரர்கள் தப்பித்தார்கள். ஊதுகிறவர்கள் நிலை பரிதாபமாகிவிட்டது. ஒவ்வொரு நீண்ட சுரத்துக்கும் முன்னால் ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். இழுத்தால் மிளகாய் நெடி. காதர் பாய் இரண்டாம் பாட்டைத் தொடங்கும்போதெல்லாம் கண்ணில் நீர் வழிய, "யா அல்லா, நான் வாசிக்கட்டுமா தும்மட்டுமா, ஒண்ணைச் சொல்லுங்க" என்று கெஞ்சுவார். கடலாடியாருடைய தோள் துண்டே ஒரு சிறு கிட்டங்கி. அவர் அருகில் வந்து நின்றால் அந்த வரிசை முழுவதும் தும்மும்.

மூன்றாம் நாள் ஒத்திகைக்கு இரண்டு சம்பந்திகளும் வந்து உட்கார்ந்தார்கள். கடலாடியார் வெள்ளந்தியாகத்தான் கேட்டார்.

"மாஸ்டரே, இதுல எங்க பையன் எது?"

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வடிவத்தை விளக்கச் சொல்லி யாராவது கேட்டால் அவரால் மூடியிருக்க முடியாது. "மொதப் பாட்டுன்னு வச்சுக்கங்க" என்றார்.

"அப்ப எம் மக ரெண்டாவதா?" என்றார் கொழும்பார்.

"ரெண்டாவதுன்னா கொறச்சல் இல்லீங்க. அதுதான் இனிமையான பாட்டு."

கொழும்பார் சற்று அடங்கினார். ஒத்திகை தொடர்ந்தது. 'வீடு' பகுதியில் இரண்டாம் பாட்டின் முதல் வரியை காதர் பாய் வாசித்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கிராமபோனில் பழகிய காது.

"இது முன்னால மேல இருந்துச்சு. இப்பக் கீழ இறங்கிருச்சே?"

"ஆமா. மொதப் பாட்டோட சுதிக்கு வந்துருக்கு. அதுதான் சட்டம்."

கடலாடியார் தொடையில் ஓங்கித் தட்டினார். துண்டிலிருந்து ஒரு சிவப்புப் படலம் எழுந்தது. "பாத்தீகளா சம்பந்தி! வெள்ளைக்காரனே எழுதி வச்சிருக்கான், பொண்ணுதான் மாப்பிள்ளை வீட்டுக்கு வரணும்னு!"

"ஏன், உங்க பையன் எங்க சுதிக்கு வந்தா ஆகாதோ?"

"வீட்டோட மாப்பிள்ளையாவா? எங்க வம்சத்துலயே கெடையாது!"

"நான் பாட்டைச் சொன்னேன்."

"நானும் பாட்டைத்தேன் சொல்றேன்!"

ட்ரம்பெட் வாசிப்பவர் தும்மினார். அகன்ற வாய்ப் பித்தளை யூஃபோனியம் வாசிப்பவர் தும்மினார். மாஸ்டருடைய குரல் தாழ்ந்தது. "அய்யா ரெண்டு பேரும் கேளுங்க. இது சுதி. சீதனமில்ல."

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் மறக்க முடியாது. கொழும்பார் எழுந்து நின்று, இரண்டாம் பாட்டைப் பழைய சுருதியிலேயே வைக்காவிட்டால் ஆர்க்கெஸ்ட்ராவே வேண்டாம் என்றார். மாஸ்டரின் உதடுகள் மட்டும் அசைந்தன. நாங்கள் மூச்சை நிறுத்திக் கேட்டோம். "மாத்த மாட்டேன். இந்த வடிவத்துல எழுதுறேன்னு உக்காந்தவன் நான். வீடு ஒண்ணுதான்." இத்தனை வருடம் ஏங்கிய ஒன்றை அவர் அந்த ஒரு வாக்கியத்தில் கைவிடத் தயாராக இருந்தார்.

நான் பேசினேன். பேசவேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை. பாட்டைத் தாழ்த்திவிட்டார்கள் என்ற தவறான கூற்று திருத்தப்படாமல் காற்றில் நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டாம் பாட்டின் இரண்டு பக்கங்களையும் எடுத்துக் கொழும்பார் முன்னால் அருகருகே வைத்தேன். "சுருதிதான் மாறியிருக்கிறது. பாட்டில் ஒரு சுரம்கூடக் குறையவில்லை. எண்ணிப் பார்க்கலாம்" என்றேன்.

அவர் உண்மையிலேயே எண்ணினார். விரலை வைத்து, உதட்டை அசைத்து, முழுப்பக்கமும்.

"கொறையலதான். சரி, அன்னைக்குக் கேட்டுட்டுச் சொல்றேன். எம் மக பாட்டு எடுபடலைன்னா நடுவுலயே நிறுத்திருவேன்."

"எங்க பையன் பாட்டு ஓங்கிக் கேக்கலைன்னா நானும் நிறுத்துவேன்" என்றார் கடலாடியார். காதர் பாய் என் பக்கம் குனிந்து, "தங்கச்சி, இந்தக் கல்யாணத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டுந்தான் ஒத்துமையா இருக்காக" என்றார்.

வைகாசிக் கடைசி முகூர்த்தம். பந்தலின் ஒரு மூலையில் மேடை போட்டு ஆர்க்கெஸ்ட்ரா. எதிர் மூலையில் மணவறை. நடுவில் சனத்திரள். மாஸ்டருக்கு அய்யரின் விரல் தெரியாது என்பதால், நான் மணவறைப் பக்கம் நின்று, அய்யர் விரல் உயர்த்தியதும் ஒரு பனையோலை விசிறியைத் தலைக்கு மேல் தூக்குவதாக ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்று காலை கொழும்பார் வெயிலை முன்னிட்டு வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பனையோலை விசிறி கொடுத்திருந்தார்.

'காட்டுதல்' நல்லபடியாகத் தொடங்கியது. முதல் பாட்டு வந்தபோது கடலாடியார் சுற்றிலும் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாம் பாட்டு வந்தபோது கொழும்பார் கண்ணை மூடிக்கொண்டார். 'அலைச்சல்' தொடங்கிய வேளையில் ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் வந்த உறவினர் ஒருவர் மூச்சு வாங்கச் சொன்னார்:

"பாம்பன்ல காத்து! வண்டிய அந்தப் பக்கமே நிப்பாட்டிட்டாகளாம். தாய்மாமன் அதுலதேன் வாராக!"

தாய்மாமன் இராமேசுவரத்திலிருந்து வந்து, மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் அந்த வீட்டில் தாலி. அவர் வராமல் தாலி இல்லை. தாலி இல்லாமல் 'வீடு' இல்லை. அதற்காக வாசிப்பை நிறுத்தலாம் என்றால், மணவறையில் பெண்ணை உட்காரவைத்த பிறகு மேளம் நிற்பது அபசகுனம் என்று கடலாடி உறவுகள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு ஓடி மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஊசியை அசைப்பதை நிறுத்தாமலே கேட்டார்:

"எம்புட்டு நேரமாகும்?"

"காற்று நிற்கும்வரை."

பிறர் நிறுத்திவிடுவார்களோ என்று ஆண்டுக்கணக்கில் அஞ்சியவர், அன்று தாமே தம்மை 'வீட்டுக்கு' வெளியில் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வாசிப்பவர்களைப் பார்த்து, "அலைச்சல், மொதல்லருந்து" என்றார். அலைச்சல் இரண்டாம் முறை வந்தது. மூன்றாம் முறை வந்தது. பிறகு முறை என்பதே இல்லாமல் போயிற்று. வயலின்கள் ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டே நிற்க, காதர் பாய் இரண்டு பாட்டுகளின் துண்டுகளையும் எடுத்துத் தம் மனம்போனபடி முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். சொனாட்டா வடிவத்தின் நடுப்பகுதி எங்கு போய் நிற்கும் என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது என்பார்கள். அன்று வாசிப்பவருக்கும் தெரியவில்லை.

எனக்கு முன்வரிசையில் இருவர் விமரிசனம் செய்துகொண்டிருந்தனர்.

"என்னப்பா இது, போன வழியே தெரியலையே?"

"பாம்பன் பாலத்துல நிக்கிதுப்பா."

"எப்ப எறங்கும்?"

"மாமன் வந்தாத்தேன்."

இசை குறித்து நான் பிற்காலத்தில் படித்த ஆய்வுரைகள் பலவற்றில் இந்தத் துல்லியம் இல்லை.

அய்யர் முகூர்த்தம் கடக்கப்போகிறது என்று இரண்டு தடவை எச்சரித்த பிறகு, வாசலில் குதிரை வண்டிச் சத்தம். தாய்மாமன் காற்றில் கலைந்த தலையுடன் பட்டத்தை உயர்த்திப் பிடித்தபடியே ஓடிவந்தார். பட்டம் கட்டினார். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. நான் என் இடத்துக்குத் திரும்பியிருந்தேன். அய்யர் விரலை உயர்த்தினார். நான் விசிறியை உயர்த்தினேன். எனக்கும் மாஸ்டருக்கும் இடையில் சில நூறு விசிறிகள் அசைந்துகொண்டிருந்தன. அவர் கழுத்தை நீட்டித் தேடுவது தெரிந்தது. அதிகம் பேசாத, கூட்டத்தில் தலை நிமிராத நான், விசிறியை எறிந்துவிட்டு, பக்கத்திலிருந்த முக்காலியில் ஏறி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து என்னைச் சுற்றி நின்ற பெண்களெல்லாம் கைகளைத் தலைக்கு மேல் குவித்தார்கள். அதனால்தான் மாஸ்டருக்குத் தெரிந்தது.

அவர் ஊசியை உயர்த்தினார். ட்ரம்பெட்டுகள் உயர்ந்தன. அந்தக் கணத்தில்தான் நான் பார்த்தேன்: தம் மகனுடைய பாட்டு ஓங்கி ஒலிக்கிறதா என்று அருகிலிருந்து கேட்பதற்காகக் கடலாடியார் மேடையேறி மாஸ்டரின் தோளோடு தோளாக நின்றிருந்தார். விடிகாலையில் கிட்டங்கிக்குப் போய்வந்த அதே துண்டு தோளில் கிடந்தது. அதை உதறிச் சரிசெய்துகொண்டார்.

மாஸ்டர் தும்மினார். பட்டாளத்துத் தும்மல். மணமகனின் விரல்கள் முதல் முடிச்சில் இருந்தன. கடலாடி உறவுகள் பக்கம் ஒரு முனகல் எழத் தொடங்கியது. அது எழுந்து முடிப்பதற்குள் இரண்டு தவில்களும் இடித்தன, சோமு அண்ணனின் நாகசுரம் பாய்ந்தது, குலவை எழுந்தது. அட்சதை மழை பெய்தது. அரிசியில் ஒரு பங்கு மணமக்கள்மீதும், ஒரு பங்கு யூஃபோனியத்தின் வாய்க்குள்ளும் விழுந்தது. அத்தனை ஓசைக்கும் அடியில் எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா முதல் பாட்டின் மீள்வரவைப் பிசகில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தது. விரல்கள் சரியான இடங்களில் விழுந்தன. வில்கள் ஒன்றாக ஏறி இறங்கின. ஒரு சுரமும் எவர் காதுக்கும் எட்டவில்லை. மாஸ்டர் கேட்க ஏங்கிய பதினாறு தாளக் கட்டங்கள் அவர் கண்ணெதிரே மௌனப்படம்போல ஓடி முடிந்தன. அவர் ஊசி மட்டும் நிற்கவில்லை.

மூன்றாம் முடிச்சோடு தவில்கள் சட்டென்று ஓய்ந்தன. அந்த வெற்றிடத்தில் காதர் பாயின் கிளாரினெட் தன்னந்தனியாக இரண்டாம் பாட்டை எடுத்தது. வீட்டுச் சுருதியில். அவ்வளவு பெரிய பந்தலில் அப்போது வேறு ஒலி இல்லை.

கொழும்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்து உரக்கச் சொன்னார்: "கேட்டீகளா! எம் மக பாட்டு மட்டுந்தேன் கேட்டுச்சு!"

"எங்க சுதியிலதான கேட்டுச்சு!" என்றார் கடலாடியார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வென்றது தாமே என்ற நிறைவில் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த செல்லோக்காரர் தும்மினார்.

தாலி ஏறிவிட்டதால் பந்திக்கு முந்தினார்கள். படைப்பின் கடைசிப் பக்கம் ஏராளமான முதுகுகளை நோக்கி வாசிக்கப்பட்டது. எல்லாம் முடிந்ததும் மாஸ்டர் ஊசியைப் பையில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ரெண்டாம் பாட்டு வீட்டுக்கு வந்துருச்சு தாயி, கேட்டேன். மொதப் பாட்டு?"

"வாசித்தார்கள் மாஸ்டர். விரல்களைப் பார்த்தேன்."

"நானும் பார்க்கத்தான் செஞ்சேன்" என்றார்.

சோமு அண்ணன் வந்து நின்றார். "மாஸ்டர், நான் அப்பவே சொன்னேன். தும்மல் விழுந்தா அது நானில்ல."

"தெரியும் சோமு. தும்முனது நாந்தான்."

அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசித்துவிடலாமா என்று நான் கேட்டேன். மாஸ்டர் காதர் பாயைப் பார்த்தார். பாய் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "இலை போட்டாச்சு மாஸ்டர்" என்றார். நெடுநேரம் அலைந்துவிட்டு வந்தவர் அவர். அதற்கு மேல் அவரைக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

பந்தியில் மாஸ்டருக்கு அடுத்த இலை எனக்கு. அவர் சாம்பாரைத் தொடவில்லை. ரசமும் அப்படியே இருந்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலின் மறுமூலையில், சாப்பிடுகிறவர்களுக்காக சோமு அண்ணன் ஏதோ வாசிக்கத் தொடங்கினார். முதலில் எவரும் கவனிக்கவில்லை. நாகசுரம் ஒரு சுரத்தில் நின்று, வளைந்து, அடுத்த சுரத்துக்கு அவசரமில்லாமல் நகர்ந்தது. மாஸ்டரின் கை இலைக்கு மேல் அந்தரத்தில் நின்றது.

முதல் பாட்டு. ஒத்திகை நாட்களிலெல்லாம் கிட்டங்கி வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தவர், அதை முழுவதுமாகக் காதில் வாங்கியிருந்தார். மாஸ்டர் நேர்கோடாக எழுதியதெல்லாம் அங்கே கமகமாகக் குழைந்து வந்தது. ட்ரம்பெட்டுகள் ஓங்கிப் பேசவேண்டிய இடத்தில் அது முணுமுணுத்தது.

மாஸ்டர் கடைசிச் சுரம் ஓயும்வரை கேட்டார். பிறகு, ஒத்திகையில் பிழை திருத்தும் அதே குரலில் சொன்னார்:

"சுதி தப்பு. நம்ம வீடு பி-ஃபிளாட். அவன் ரெண்டரைக் கட்டையில வாசிக்கிறான்." சற்றுக் கழித்து, "ஆனா வந்துருச்சு" என்றார். பாயசத்தை இலையோடு வழித்துக் குடித்தார். இன்னொரு கரண்டி கேட்டார்.

அடுத்த வாரம் அவர் புதிய தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். 'வீடு' பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். பதினாறு கட்டங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் முதல் பாட்டை வாசிக்கும். அதன்மேல் இரண்டு தவில்கள், அது கேளாதபடி. அப்படியே குறித்திருந்தார். பிறகு இரண்டாம் பாட்டு, தனிக் கிளாரினெட்டில், வீட்டுச் சுருதியில். எல்லாம் முடிந்த பிறகு, மேடைக்கு வெளியே எங்கோ தொலைவில், ஒற்றை நாகசுரம்.

"யாருக்கும் கேட்காத பதினாறு கட்டங்களை இத்தனை வாத்தியங்களுக்கும் நான் பிரதி எடுக்க வேண்டுமா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"எடுக்கணும். அவுக வாசிக்காம தவில் மட்டும் அடிச்சா, கேக்குறவனுக்குத் தெரிஞ்சுரும்."

எடுத்தேன். மறுவருடத் திருவிழாவில் அது வாசிக்கப்பட்டது. இடையூறு எல்லாமே ஏற்கனவே எழுதப்பட்டிருந்ததால், யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. மற்ற அசைவுகளை அவர் எழுதவே இல்லை. பிற்காலத்தில் சென்னையில் எத்தனையோ நவீனப் படைப்புகளுக்குப் பிரதி எடுத்தேன். கருப்பொருள் வேற்றுச் சுருதியில் திரும்புவதும், தலைகீழாகத் திரும்புவதும், திரும்பாமலே போவதும் எனக்கு வியப்பளிக்கவில்லை.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒருநாள் எடுத்து வருகிறேன்; எதை வெட்டி எங்கே ஒட்டலாம் என்று நீங்களே பாருங்கள். அப்போது கடைசிப் பக்கத்தின் அடியில், நாகசுரத்தின் கோட்டுக்குக் கீழே, மாஸ்டர் பென்சிலில் எழுதியிருக்கும் குறிப்பையும் படித்துக்கொள்ளுங்கள். அதை நான் எல்லாப் பிரதிகளிலும் மையால் எழுதினேன்:

'தன் சொந்தச் சுருதியில் வாசிக்கவும். பந்தியில் இருப்பவர்கள் எழுந்திருக்க வேண்டாம்.'